துத்தம் கலந்த தோட்டாக்கள்

கல்யாணச் சீரில் எனக்குப் பீரோ வேண்டாம், என்னைப் பெற்ற அத்தா புத்தகம் பைண்டிங் செய்கிற மேசைகளில் ஒன்று வேண்டும் என்று நான் அடம் பிடித்தபோது சேலத்தில் எங்கள் தெருவே சிரித்தது. அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. “பொடவையெல்லாம் எங்கடி வெப்ப, மேசை மேலயா?” என்று சின்னம்மா கேட்டார். “மேசைக்கு அடியில வெச்சுக்கறேன்” என்றேன். அப்படியே வைத்தும் கொண்டேன். தேக்குப் பலகை, ஓரத்தில் ஓர் இரும்பு அழுத்தி, கத்தி பட்டுப் பட்டுத் தேய்ந்த விளிம்பு. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் லாரிக்குள் அது நகர்ந்து நகர்ந்து, ஏற்காடு வந்து சேர்வதற்குள் சீர்ப் பாத்திரங்களில் பாதியை நசுக்கிவிட்டது. பாத்திரம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

புகுந்த வீட்டுக் கடை ஏரிக்குப் போகிற ரோட்டில் இருந்தது. முன்பக்கம் மளிகை, பின்பக்கம் ஜன்னலை ஒட்டி என் மேசை. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். கடை அவருடைய அண்ணனின் பொறுப்பு. நான் அவரைப் பெரிய மச்சான் என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். பொட்டலம் மடிப்பார், கூரையில் தொங்குகிற நூல்கண்டிலிருந்து நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, விரலாலேயே வெட்டி நீட்டுவார். கத்தரிக்கோல் என்ற ஒன்று அந்தக் கடையின் முன்பக்கத்தில் கிடையவே கிடையாது.

அவருக்கு நேர்மாறாக எனக்கு மூக்கின் மேல் கோபம். எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர்கள், செக்ரோல் என்கிற கூலிப் பதிவுப் புத்தகங்களைக் கட்டுவதற்குக் கொண்டுவருவார்கள். மழையில் நனைத்துக் கொண்டுவந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவேன். ஒரு ரைட்டர் என்னிடம் நேராக வரப் பயந்துகொண்டு, முன்பக்கம் அரைக் கிலோ சர்க்கரை வாங்குகிற சாக்கில் புத்தகத்தைப் பெரிய மச்சானிடம் தள்ளிவிட்டு ஓடிவிடுவார். ஆனால் வேறு யாரிடமும் போகமாட்டார்கள். ஏற்காட்டு ஈரத்துக்கு ராமபாணப் பூச்சி புத்தகத்தை இரண்டே வருடத்தில் சல்லடையாக்கிவிடும். நான் கட்டிய புத்தகத்தைப் பூச்சி தொட்டதில்லை. இதை நான் பார்க்கிற ஆட்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அதில் ரகசியம் பெரிதாக ஒன்றும் இல்லை. பசையில்தான் இருக்கிறது. மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி இறக்கும்போது ஒரு சிட்டிகை துத்தம் போட வேண்டும். காப்பிச் செடிக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிறார்களே, அதே நீலத் துத்தம்தான். மலையில் எல்லா எஸ்டேட் கிடங்கிலும் மூட்டை மூட்டையாக இருக்கும். அது விஷம். அதனால்தான் பூச்சி தொடாது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அதைப் போடாமல் பசை காய்ச்சியதே இல்லை. சோற்றுக்கு உப்புப் போடுவதை யோசித்துக்கொண்டா செய்கிறோம்? அந்த மாதிரிதான் என் கை அதைப் போடும்.

எண்பதுகளின் நடுவில், ஒரு சீசனுக்கு முன்னால், பெரிய மச்சான் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார். “பெருநாள் முடிஞ்சதும் ஆசாரிய வரச் சொல்லியிருக்கறேன். அந்த மேசையக் கழட்டி உள்ள ஊட்டுல போட்டுறலாம். அந்த எடத்துல கண்ணாடி அலமாரி வெச்சா, வர்ற சனத்துக்கு மொளகு, காப்பித்தூளு, சிப்சு எல்லாம் எடுத்து அடுக்கலாம்.”

நோட்டுப் புத்தகமெல்லாம் ஆலையிலேயே கட்டி வர ஆரம்பித்து, எனக்கு வேலை குறைந்திருந்த காலம். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் தராசில் துவரம் பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தார். நான் அன்று ராத்திரிச் சோறு சாப்பிடவில்லை. அந்த மேசை போனால் இந்த மலையில் எனக்கென்று உட்கார ஓர் இடம் இல்லை. அடுப்படியில் ஓரகத்திக்கு உதவியாக நிற்கலாம், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் சுபேதார் வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றுக் குப்பனூரில் வீடு கட்டிக்கொண்டவர். காலை பஸ்ஸில் மேலே வருவார், சாயங்கால பஸ்ஸில் இறங்குவார். கோடை விழாவில் எப்போதும் நாய்க் கண்காட்சியும் படகுப் போட்டியும்தானா, இந்தத் தடவை ஒரு புதுசு செய்வோம் என்று கிளம்பியிருந்தார். இருநூறு வருடத்துக்கு முந்தைய சிப்பாய்கள் எப்படி அணிவகுத்துத் துப்பாக்கி சுட்டார்கள் என்பதை அப்படியே செய்து காட்டுவது. துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. தலைச்சோலையிலும் கரடியூரிலும் காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வைத்திருக்கிற விவசாயிகளிடம், குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிகள் இருந்தன. பன்னிரண்டு பேர் சம்மதித்துவிட்டார்கள். தோட்டாதான் இல்லை.

“இவங்க சீசாவுல இருந்து மருந்தக் கொட்டறாங்க அம்மிணி. சிப்பாய் அப்பிடிச் செய்யமாட்டான்” என்றார். “ஒரு வெடிக்கு வேண்டிய மருந்து ஒரு காகிதக் குழாய்ல இருக்கும். இடுப்புப் பையில இருந்து எடுப்பான், பல்லால கடிச்சுக் கிழிப்பான், மருந்தக் குழல்ல கொட்டுவான். நாம குண்டு வெக்கப் போறதில்ல, வெறும் வெடிதான். காகிதத்தையும் உள்ள தள்ளக் கூடாது, தீப்பிடிச்சுப் பறந்து யாரு மேலயாச்சும் விழும். கடிச்சுக் கொட்டிட்டுக் கீழ போட்டறணும். ஆனாப் பாக்கறதுக்கு அந்தக் காலத்துத் தோட்டா மாதிரியே இருக்கணும்.”

ஓர் எஸ்டேட் பங்களாவின் மேசை இழுப்பறையில் கிடைத்ததாக ஒரு பழைய தோட்டாவை எடுத்து வைத்தார். மருந்து எப்போதோ கொட்டிப்போன வெறும் கூடு. என் நடுவிரல் நீளம். அடியில் இறுகிச் சுருங்கி, மேலே வால் மாதிரி மடிந்து இருந்தது. காகிதம் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது. மேசை மேல் வைத்து உருட்டினேன். ஓரம் விட்டுப் பிரிந்தது.

“பசையப் பூச்சி தின்னுருக்குதுங்க” என்றேன், பெரிய மேதாவியாக. “நான் செய்யறத எந்தப் பூச்சியும் தொடாது.”

பெரிய மச்சான் முன்பக்கமிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சுபேதார் போன பிறகு வந்து நின்றார். “நூத்தி அம்பது தோட்டாவா?”

“ஆமாங்க. வருசா வருசம் வேணும்ங்கறாரு.”

அவர் மேசையைப் பார்த்தார். “நல்லபடியா முடிச்சுக் குடு. முடிஞ்சுதுன்னா ஆசாரிய வேண்டாம்னு சொல்லிடறேன். ஏதாச்சும் கொளறுபடி ஆச்சுன்னா அப்பறம் கத்தக் கூடாது.”

“கத்த மாட்டனுங்க” என்றேன். வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கை நான் அதற்கு முன்னால் கொடுத்ததில்லை.

முதலில் காகிதம். இடுப்புப் பையில் குதித்து இடிபட்டாலும் கிழியக் கூடாது, பல் பட்டதும் ஒரே கடியில் கிழிய வேண்டும். இரண்டும் ஒரே காகிதத்தில் வேண்டும் என்றால் எங்கே போவது? பழுப்புக் காகிதத்தைக் கடித்தேன், பல்தான் வலித்தது. செய்தித்தாள் எச்சில் பட்டதும் கூழானது. நோட்டுக்குப் போடுகிற வெள்ளைக் காகிதம் கோணல் மாணலாகக் கிழிந்தது. மூன்று நாள் நான் காகிதம் கடித்துத் துப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஓரகத்தி, “மசக்கையா?” என்று கேட்டார். கடைசியில் ஓர் எஸ்டேட் ஆபீசின் பழைய கடிதப் புத்தகத்தில் மிஞ்சிய வெற்றுத் தாள்கள் ஒத்துவந்தன. மெல்லியதாக இருந்தாலும் முறுக்கு இருந்தது. நார் ஓடுகிற திசையைப் பார்த்துக் குறுக்காக வெட்டினால் பல்லுக்கு உடனே வழிவிட்டது. ஒரு பக்கம் சாய்வாக வெட்டி உருட்டினால் அடி தடித்தும் வால் மெலிந்தும் வந்தது. உருட்டுவதற்குக் கோல் வேண்டுமே. கவாத்து வெட்டிப் போட்ட காப்பிக் கம்பு ஒன்றைச் சீவி, கண்ணாடித் துண்டால் இழைத்து வழவழப்பாக்கினேன். என் கைக்கு அப்படிப் பொருந்தியது.

காகிதம் அமைந்த மூன்றாம் நாள் ரம்ஜான் பிறை தெரிந்தது. வேலை முழுக்க நோன்பில்தான் நடந்தது. காலையில் பசை காய்ச்சி, பகலெல்லாம் உருட்டி, ஓரத்தை ஒட்டி, அடியை மடக்கி ஒட்டி, வரிசையாகக் காய வைத்தேன். கடித்துப் பார்க்கிற வேலை முன்னாலேயே முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது நான் கடித்தது வெறும் காகிதத்தை. பசை போட்ட தோட்டா ஒன்றைக்கூட நான் வாயில் வைக்கவில்லை. நோன்பு வாயில் எதை வைப்பது? நோன்பு திறந்த பிறகு யாருக்குக் காகிதம் நினைவுக்கு வரும்?

சுபேதார் கடித்துப் பார்த்திருக்கலாம். அவருக்கு மேலும் கீழும் பல் செட்டு. கடி என்று கட்டளை மட்டும்தான் போடுவார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானத்துக்கு மேல், பள்ளிக்கூட மைதானத்தில் ஒத்திகை. மருந்து எல்லாம் சுபேதாரின் பூட்டுக்குள் இருந்தது. ஒத்திகைத் தோட்டாக்களில் கேழ்வரகு மாவு போட்டு நிரப்பியிருந்தார். பெரிய மச்சானும் வந்திருந்தார். பன்னிரண்டு பேருக்கும் கடையிலிருந்து பன் தட்டு கொண்டுவந்து, டீ வாளிக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கும் அவருக்கும் நோன்பு, மற்றவர்களுக்கு இல்லை.

“தோட்டா எடு!” என்று சுபேதார் கத்தினார். பன்னிரண்டு கைகள் பைக்குள் போயின. “கடி!” பன்னிரண்டு தலைகள் ஒரே பக்கம் திரும்பின. சர்ரென்று கிழிந்த அந்த ஒற்றைச் சத்தம் எனக்குப் பெருநாள் மாதிரி இருந்தது. “கொட்டு!” கேழ்வரகு மாவு பாதி குழலுக்குள்ளும் பாதி மீசையிலும் போனது. மறுபடியும், மறுபடியும் செய்தார்கள். ஒவ்வொருவரும் ஐந்து தோட்டா கடித்திருப்பார்கள். நான் பெரிய மச்சான் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன். பார்த்தீங்களா என்று வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டேன்.

ஓய்வு சொன்னதும் கரடியூர்க்காரர் ஒருவர் தரையில் துப்பினார். எஸ்டேட்டுகளில் காப்பிச் செடிக்கு மருந்தடிக்கிற வேலைக்கும் போகிற மனிதர். “ஏனுங்க அம்மிணி, காகிதம் ஒரு மாதிரி நாக்கைக் கூசுதுங்களே. செம்புச் சொம்புல புளித்தண்ணி குடிச்ச மாதிரி இருக்குது” என்றார். பக்கத்தில் இருந்தவர், “காச்சாத கேவுரு மாவு அப்பிடித்தான் இருக்கும். உங்கூட்டுக்காரம்மா களி இத விட மோசமா இருக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

துத்தம். பசையில் துத்தம். அறுபது தோட்டாக்கள் பன்னிரண்டு வாய்களுக்குள் போய் வந்திருக்கின்றன. மீதித் தொண்ணூறு நாளை மறுநாள் போகப் போகின்றன.

நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் உடனே வாயைத் திறக்கவில்லை. அவர்கள் நின்ற இடத்திலிருந்து டீ வாளி வரை ஒரு முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடியும் அவர்கள் நடக்கிற வரை நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சட்டிக்கு ஒரு சிட்டிகைதானே. கடித்ததைத் துப்பித்தானே விடுகிறார்கள். யாருக்கும் தெரியாது. கேழ்வரகு மேல் பழி விழுந்துவிட்டது, அப்படியே போகட்டும். பெரிய மச்சான் அங்கேயே நிற்கிறார். சொன்னால் மேசை போய்விடும்.

கரடியூர்க்காரர் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். அதைக் குடித்தால் நாக்கில் இருப்பதெல்லாம் உள்ளே போகும்.

“குடிக்காதீங்க!”

என் சத்தத்துக்கு மைதானத்தில் மேய்ந்த குதிரைகூடத் தலையைத் தூக்கியது. “யாரும் குடிக்காதீங்க! மொதல்ல வாயக் கொப்புளிங்க, ரெண்டு மூணு தடவ கொப்புளிங்க! பசையில துத்தம் இருக்குதுங்க. நான்தான் போட்டேன். பூச்சி திங்கக் கூடாதுன்னு போட்டேன். மனுசன் கடிக்கறது மறந்து போச்சுங்க.”

எல்லோரும் குழாயடிக்கு ஓடினார்கள். சுபேதாரின் முகம் சிவந்துபோனது. “தொண்ணூறு தோட்டாவையும் தூக்கிப் போடணுமா? நாளன்னிக்குக் கலெக்டர் வர்றாரு அம்மிணி! சிப்பாய் எதக் கடிப்பான், வெரலையா?” என்று கத்தினார். ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தியும் நான் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை.

கரடியூர்க்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். “உடுங்க சார். இருவது வருசமாக் காத்து திரும்பறப்பெல்லாம் இது என் வாயிலதான் அடிக்குது. கொப்புளிச்சாச்சு, ஒண்ணும் ஆகாது. அம்மிணி, நீங்க அழுவாதீங்க” என்றார். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். பன் தட்டு மட்டும் இருந்தது. பெரிய மச்சான் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் நோன்பு திறந்தபோதும், விடியற்காலை நோன்பு வைக்கச் சஹர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசை போய்விட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஆனால் தோட்டா செய்து தருகிறேன் என்று சொன்னது சொன்னதுதானே. விடிந்ததும் போய் உட்கார்ந்தேன். தொண்ணூறு வேண்டும். துத்தம் இல்லாத பசை போடலாம் என்றால் நிழலில் காய ஒன்றரை நாள் ஆகும். இருப்பது ஒரு பகல். வெளியே வேறு மூடுபனி.

என்ன செய்வது என்று தெரியாமல் அந்தப் பழைய தோட்டாவை எடுத்தேன். இத்தனை நாளில் அதை ஒழுங்காக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பார்த்த மாத்திரத்தில் பூச்சி தின்றது என்று தீர்ப்புச் சொன்னவள் நான். பழைய புத்தகத்தைப் பிரிக்கிற மாதிரி ஈரத்துணியில் சுற்றி வைத்து, மெல்லப் பிரித்தேன். பசை இருந்த காகிதத்தை நனைத்தால் வழவழக்கும், எத்தனை பழையதானாலும் சரி. இதில் ஒன்றுமே இல்லை. ஒரு துளிப் பசைகூட அதில் எப்போதும் இருந்ததில்லை. அடியில் சுருங்கிய இடத்தில் மட்டும், சுற்றிலும் மெல்லிய பள்ளம் ஒன்று பதிந்திருந்தது.

நூல்! நூலால் கட்டியிருக்கிறார்கள். உருட்டி, அடியில் நூல் போட்டு இறுக்கி, வாலை மடித்துவிட்டிருக்கிறார்கள். காய வைக்க வேண்டிய வேலையே இல்லை. நான் செய்த நூற்றைம்பதும் துத்தம் இல்லாமல் இருந்திருந்தால்கூட அந்தக் காலத்துத் தோட்டா ஆகியிருக்காது.

சந்தோஷத்தில் தைக்கிற நூலை எடுத்துக் கட்ட ஆரம்பித்தேன். முதல் தோட்டாவில் நூல் காகிதத்தை அறுத்தது. இரண்டாவது நெகிழ்ந்து அவிழ்ந்தது. மூன்றாவதைக் கட்ட மூன்று கை வேண்டியிருந்தது. ஏழாவது பிரிந்தபோது கோலைத் தூக்கி எறிந்தேன். அது உருண்டு போய் முன்பக்கம் பெரிய மச்சான் காலடியில் நின்றது.

அவர் குனிந்து எடுத்தார். வந்து என் பக்கத்தில் நின்று, எட்டாவதை நான் கட்டுவதைப் பார்த்தார். “அப்பிடி இல்லம்மா” என்றார். “நீ முடிச்சுப் போடற. முடிச்சு வேண்டாம். சுத்து, சுத்துக்கு அடியில குடுத்து இழு. அது தன்னால புடிச்சுக்கும்.”

நான் கட்டினேன். வரவில்லை. அவர் முன்பக்கம் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஸ்டூல் மேல் ஏறி, கூரையில் தொங்கிய நூல்கண்டைக் கொக்கியோடு கழற்றினார். கொண்டுவந்து என் மேசைக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார். பிறகு கடையின் முன் பலகையில் பாதியைச் சாத்தினார்.

“சீசனுங்களே, கடை?” என்றேன்.

“கெடக்குது” என்றார். ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்.

நான் உருட்டினேன், அவர் கட்டினார். அத்தனை வருடமாகப் பருப்பும் கடுகும் கட்டிய விரல்கள். நூலை இழுப்பார், இரண்டு சுற்று, ஓர் இழுப்பு, விரலில் ஒரு சுண்டு, நூல் அறுந்து தோட்டா விழும். எதுவும் அறுக்கவில்லை, எதுவும் நெகிழவில்லை. நாற்பதாவது தோட்டாவில், என்னைப் பார்க்காமல், அவர் சொன்னார். “நேத்து அங்க நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.”

நான் கோலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

“கேவுரு மேல போட்டுட்டு ஊட்டுக்கு வந்திருப்பேன்” என்றார். “உருட்டு, கை நின்னு போச்சு பாரு.”

சாயங்கால அசர் தொழுகைக்குள் தொண்ணூறும் முடிந்தது. கை போகிற போக்கில் மேலும் முப்பது செய்தோம். நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் நகரா முரசு அடித்தபோது ஓரகத்தி பேரீச்சம்பழமும் கஞ்சியும் மேசைக்கே கொண்டுவந்து வைத்தார். பெரிய மச்சான் பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்தார். கஞ்சிக்குக் கை போகும் என்று பார்த்தேன். அவர் ஒரு தோட்டாவை எடுத்து, வாலைப் பல்லில் வைத்து, சிப்பாய் மாதிரி தலையைத் திருப்பிக் கடித்தார். கிழிந்த துண்டை நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் சப்பினார். துப்பவில்லை. அவர் தாடை அசைவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ருசியே இல்ல” என்றார். “வெறும் காகிதந்தான்.”

அதை விட நல்ல வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. நானும் ஒன்றைக் கடித்தேன். அதற்குப் பிறகுதான் கஞ்சி குடித்தோம்.

விழாவன்று மைதானத்தில் பாதிக்கு மேல் பனி இறங்கியிருந்தது. சிவப்புச் சட்டை போட்ட பன்னிரண்டு விவசாயிகளும் ஒரே கோட்டில் நின்றார்கள். மூன்றாவதாக நின்ற தலைச்சோலைக்காரருக்குச் சட்டை சிறியதாகி, வயிற்றில் இரண்டு பொத்தான் போடவில்லை. “கடி!” என்று சுபேதார் கத்தினார். கரடியூர்க்காரர் கடிப்பதற்கு முன்னால் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துச் சிரித்துவிட்டுக் கடித்தார். மருந்து கொட்டினார்கள், காகிதத்தைக் கீழே விட்டார்கள், துப்பாக்கியைத் தூக்கினார்கள். வெடித்தது. முதலில் மைதானத்தில் ஒரு தடவை, பிறகு மலை மலையாகப் போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை. புகையும் பனியும் சேர்ந்து, பன்னிரண்டு பேரையும் காணவில்லை. நாய்க் கண்காட்சி நாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குரைத்தன. புகைக்குள்ளிருந்து மறுபடியும் “கடி!” என்று கேட்டது. எட்டு தடவை சுட்டார்கள். ஒரு தோட்டாகூடப் பிரியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு நின்ற பெரிய மச்சான், ஒவ்வொரு தடவையும் வெடித்து முடிந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

கூட்டம் கலைந்ததும் நான் மைதானத்தில் இறங்கிப் புல்லில் கிடந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். எல்லாம் ஒரே மாதிரி, நேர் கோட்டில் கிழிந்திருந்தன. அடியில் நூல் சுற்று அப்படியே இருந்தது. அடுத்த வருடம் பதினெட்டு துப்பாக்கி என்று சுபேதார் சொல்லிக்கொண்டே போனார். மேசையைப் பற்றிப் பெரிய மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குளறுபடி ஆனால் கத்தக் கூடாது என்பதுதானே பேச்சு. குளறுபடி ஆகத்தான் செய்தது.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் காலையில் கடைக்குள் சுத்தியலின் சத்தம் கேட்டது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஆசாரி வந்திருந்தார். பை திறந்து கிடந்தது, உளியும் சுத்தியலும் என் மேசை மேல் இருந்தன. கத்த மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன்.

ஆசாரி மேசையைத் தொடவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் பெரிய மச்சான் அந்தக் கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்திருந்தார். ஆசாரி தரையில் குந்தி, அடிக்கோலை நிறுத்தி, அவர் பாதத்திலிருந்து முழங்கால் வரை அளந்துகொண்டிருந்தார். மேலே ஆணி இருந்த இடத்தில் புதுக் கொக்கி ஒன்று அடித்திருந்தது. அதில் நூல்கண்டு தொங்கியது.

“முக்காலி ஒண்ணு வேணும்னாருங்க” என்றார் ஆசாரி என்னிடம். “ஒசரம் சரியா இருக்கணுமாமுங்க. இனிமே பொட்டலமெல்லாம் இங்க உக்காந்துதான் கட்டுவாராமுங்க.”

பெரிய மச்சான் என்னைப் பார்க்கவில்லை. “அடுப்புல என்னமோ கருகுது பாரும்மா” என்றார்.

உண்மையிலேயே கருகிக்கொண்டிருந்தது. நான் போகவில்லை. ஆசாரி அளந்து முடிக்கிற வரை அங்கேயே நின்று, இரண்டு விரற்கடை உயரம் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அவர் கைக்கு மேசை எட்டாது என்று ஆசாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.